கொடைக்கானலில் அத்திப்பழக் காலம்: வாங்குவது முதல் வட்டிலில் வைப்பது வரை

காய்ந்த அத்திப்பழம் ஆண்டு முழுக்க மளிகைக் கடையில் மாலை மாலையாகத் தொங்கும். புதுப்பழத்தின் கதை வேறு. மாசிக் கடைசியில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கத்துப் பழக்கடைகளில் தலைகாட்டும். பங்குனி, சித்திரையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ஓரளவு கிடைக்கும். கோடை மழை வலுத்துப் பெய்துவிட்டால் பழம் வெடித்துப் புளித்துப்போகும், அதோடு சரி. ஆடி, ஆவணியில் இன்னொரு காய்ப்பு வருவதுண்டு. அந்த ஈரத்தில் பழுக்கும் பழத்தில் சுவை மட்டுத்தான். மகாராஷ்டிரத்தில் மழைக்காலக் காய்ப்புக்குக் கட்டா பஹார் என்றும் கோடைக் காய்ப்புக்கு மீட்டா பஹார் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். புளிப்புப் பருவம், இனிப்புப் பருவம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு குறுகிய காலத்துப் பழத்தை நாம் என்ன செய்கிறோம்? அரைக் கிலோ வாங்குவோம். இரண்டைத் தின்போம். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து மறந்து, நான்காம் நாள் பூசணம் பூத்ததைத் தூக்கிப் போடுவோம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் பாலும் சர்க்கரையும் ஊற்றி மில்க் ஷேக் அடிப்பார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

அத்திப்பழத்தில் இனிப்பு நிறைய. புளிப்பு அநேகமாக இல்லை. அதனால்தான் நான்கைந்து பழம் தின்றதும் திகட்டுகிறது. அதற்கு இன்னும் சர்க்கரை சேர்ப்பதில் பொருளே இல்லை. உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் பக்கத்தில் இருந்தால் பழம் எடுபடும். அந்த மூன்றும் நம் அன்றாடச் சாப்பாட்டிலேயே இருக்கின்றன. தயிர்சாதம், அடை, ரசம், தோசை இவற்றோடு அத்திப்பழத்தைச் சேர்த்துச் சாப்பிடுவது எப்படி என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

எந்த அத்தி என்பதில் முதலில் தெளிவு

நம் ஊர் ஓடைக்கரைகளில், மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அத்தி வேறு. அது நாட்டு அத்தி. 2019-ல் காஞ்சிபுரத்தில் குளத்திலிருந்து வெளியே வந்து தரிசனம் தந்தாரே அத்திவரதர், அவருடைய மரம் அது. அதன் காயைக் கூட்டு, பொரியல் செய்வார்கள். பழுத்தபின் பிளந்தால் உள்ளே சிறு பூச்சிகள் பறக்கும். அந்த மரத்தின் இனப்பெருக்கமே அந்தக் குட்டிக் குளவிகளால்தான் நடக்கிறது.

கடையில் கிலோ கணக்கில் விற்பது சீமை அத்தி. நம் நாட்டில் பயிராகும் பூனா, டயானா, பிரவுன் டர்க்கி போன்ற வகைகள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. அவற்றுக்குக் குளவி தேவையே இல்லை. “சைவம் சாப்பிடுகிறவர்கள் அத்திப்பழம் தின்னலாமா?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்: இந்த வகைகளைத் தாராளமாகத் தின்னலாம். உள்ளே நறநறவென்று கடிபடுவது பூச்சி அல்ல, விதை. இந்தப் பழம் என்பது உள்பக்கமாகப் பூத்த ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு விதையும் ஒரு பூ இருந்த இடம்.

சந்தையில் வரும் பழத்தில் பெரும்பகுதி வெளியூர்ச் சரக்கு. மராட்டியப் புரந்தர் வட்டாரத்து அத்திக்குப் புவிசார் குறியீடே உண்டு. கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் நிறைய விளைகிறது. மலையில் பழைய பங்களாத் தோட்டங்களிலும் கீழ்ப்பழனி மலையின் காபித் தோட்டத்து வீட்டு ஓரங்களிலும் ஒன்றிரண்டு மரங்கள் இருக்கும். அந்தப் பழம் அளவில் சிறியது, பார்வைக்குச் சுமார். ஆனால் மரத்திலேயே பழுத்துப் பறித்ததாக இருந்தால் பெட்டியில் வந்த பழம் அதன் பக்கத்தில்கூட நிற்காது. அதற்குக் காரணம் அடுத்த பகுதியில்.

வாங்கும்போது

“இன்னைக்குக் காயா இருந்தா என்னக்கா, நாளைக்குப் பழுத்துரும்” என்று கடைக்காரர் சொல்வார். மாம்பழத்துக்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் அது சரி. அத்திக்குப் பொருந்தாது. பறித்தபின் அத்தி மெத்தென்று ஆகும், ஆனால் இனிப்பு ஏறாது. மரத்தில் இருக்கும்வரை சேர்ந்த சர்க்கரைதான் கடைசிவரை. அரிசிப் பானையில் புதைத்து வைப்பதெல்லாம் வீண் வேலை. ஆகவே வாங்கும்போதே பழுத்ததாக வாங்க வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். சில வகை ஊதாவாகும், சில வகை முழுக்கப் பழுத்தும் பச்சையாகவோ மஞ்சள் பச்சையாகவோ இருக்கும். பார்க்க வேண்டியது காம்பும் கழுத்தும். காம்பை ஒட்டிய கழுத்து தளர்ந்து, பழம் சற்றுச் சாய்ந்து நின்றால் நல்ல பழம். கழுத்து விறைப்பாக இருந்து, காம்பு முனையில் வெள்ளைப் பால் கசிந்து உறைந்திருந்தால் அவசரப்பட்டுப் பறித்திருக்கிறார்கள். தோலில் நூல் போன்ற மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருந்தால் ஒதுக்காதீர்கள், அது நல்ல அறிகுறி. அடிப்பக்கத்து வாயில் தேன் துளி போல ஒன்று நின்றால் அன்றைக்கே தின்ன வேண்டிய பழம். அதே வாயருகே நுரை இருந்து, முகர்ந்தால் புளித்த கள் வாசம் அடித்தால் விட்டுவிடுங்கள். உள்ளே நொதித்தாயிற்று.

பெட்டியில் அடைத்து விற்கும் கடையில் மேலடுக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடி அட்டை ஈரமாக இருந்தால் கீழே இருப்பவை நசுங்கிவிட்டன. பேரம் பேசிக் குறைத்து வாங்கினாலும் அது நஷ்டம்தான், தொக்குப் போடுவதற்கென்றே வாங்கினால் ஒழிய.

எவ்வளவு வாங்குவது? நாலு பேர் உள்ள வீட்டுக்கு அரைக் கிலோ. அதாவது நடுத்தர அளவில் பத்துப் பழம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் பிரித்து வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். பையைப் பிரித்ததும் ஒரு தாம்பாளத்தில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டம், கெட்டியானவை. தொட்டால் சற்றுத்தான் அமுங்கும். இவை தவாவுக்குப் போகும். பச்சையாகத் தின்ன ருசி போதாது.

இரண்டாவது, சரியான பதத்தில் இருப்பவை. காதுமடல் போல மெத்தென்று இருக்கும். இவற்றை அன்றோ மறுநாளோ பச்சையாகவே சாப்பிட வேண்டும்.

மூன்றாவது, குழைந்தவை, வெடித்தவை, ஒருபக்கம் அடிபட்டவை. இவை அன்று இரவே அடுப்பேற வேண்டும்.

பிரித்தபின் கழுவாதீர்கள். ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் பூசணத்துக்கு வழி திறந்துவிடும். அகலமான எவர்சில்வர் டப்பாவில் பழைய பருத்தித் துணி விரித்து, பழங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக, காம்பு மேலே பார்க்க வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். கொடைக்கானலில் கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் ஒருநாள் வெளியே வைத்தாலும் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரிட்ஜ், அதுவும் இரண்டு மூன்று நாள்தான். மீன், வெங்காயம், மலைப்பூண்டு இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அத்திப்பழம் வாசனையை உடனே வாங்கிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை உடனே தின்னாதீர்கள். அரைமணி நேரம் வெளியே வைத்தால்தான் இனிப்பு நாக்குக்குத் தெரியும். மலையில் அரைமணி போதாது என்றால் சமையலறையில் அடுப்புக்குச் சற்று அருகே வையுங்கள்.

சாப்பிடும் நேரத்தில் மெல்லக் கழுவி, துணியால் ஒற்றி, காம்பை மட்டும் கிள்ளி எறியுங்கள். தோல் மெல்லியது, உரிக்கத் தேவையில்லை. காம்பருகே வெள்ளைப் பால் வந்தால் அந்தப் பகுதியைச் சற்று ஆழமாகவே வெட்டிவிடுங்கள். அந்தப் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், நாக்கில் பட்டால் சுருக்கென்று எரியும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அத்திப்பழத்தையே ஜாக்கிரதையாக அணுக வேண்டும்.

முதல் பழம், அடுப்பில்லாமல்

நல்ல பதத்தில் உள்ள பழத்தை மேலிருந்து நாலாகக் கீறுங்கள், அடியில் ஒட்டியிருக்கட்டும். கீழிருந்து அழுத்தினால் பூவாக விரியும். அதன்மேல் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் பொடித்துத் தூவி, மிளகை அப்போதே நசுக்கிப் போடுங்கள். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களின்மேல் ஏறிக் கிடக்கிற மிளகு கிடைத்தால் அதுவே நல்லது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் போடும் மிளகாய்த்தூள் இதற்கு ஒத்து வருமா என்றால், வரும், ஆனால் மிளகு அளவுக்கு இல்லை. மிளகாய்த்தூளின் பச்சை வாடை பழத்தின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடுகிறது.

இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தரும் பழமாக வைக்காமல் சாப்பாட்டின் நடுவே, சாம்பார் சாதத்துக்கும் ரச சாதத்துக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். ரசத்தின் புளிப்பும் மிளகும் முன்னும் பின்னும் நிற்கும்போது பழத்துக்கு வேறொரு எடுப்பு வந்துவிடும்.

அடையும் வெண்ணெயும்

அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். அத்திப்பழக் காலத்தில் வெல்லத்தின் இடத்தை இந்தப் பழத்துக்குக் கொடுத்துவிடலாம். எனக்கு இந்தப் பருவத்தின் முதல் உரிமை இந்த உணவுக்குத்தான்.

நாலு பேருக்கு: இட்லி அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், உளுந்து ஒரு கைப்பிடி. மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஆறு வரமிளகாய், ஒரு டீஸ்பூன் சோம்பு, உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். அடைமாவு மைய அரைபடக் கூடாது. சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் கலந்துகொள்ளுங்கள். காரம் வழக்கத்தைவிட ஒரு மிளகாய் கூடுதலாகவே இருக்கட்டும், அதைத் தணிக்கத்தான் பழம் இருக்கிறது. இரும்புக் கல்லில் தடிமனாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வேகவிடுங்கள்.

கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு அடையின்மேல் வெண்ணெய் ஒரு கட்டி. பழுத்த அத்திப்பழம் இரண்டை விரலாலேயே பிட்டு, வெண்ணெய் உருகும் இடத்தில் லேசாக நசுக்கித் தேய்த்துச் சாப்பிட வேண்டும். கத்தியால் நறுக்கி அழகாக அடுக்கினால் அடையோடு ஒட்டாது.

கேழ்வரகு அடைக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. கம்பங்கூழுக்கு மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். அதற்கு மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும்தான்.

தயிர்சாதம்

கல்யாண வீட்டுத் தயிர்சாதத்தில் திராட்சையும் மாதுளையும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் அத்தி உட்காரும், ஆனால் போடுகிற நேரம் முக்கியம்.

1. ஒரு கப் சாதத்தைச் சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, கால் கப் காய்ச்சிய பால் விட்டுக் கிளறி ஆறவிடுங்கள்.

2. முழுக்க ஆறியதும் முக்கால் கப் தயிர், உப்பு. மலையில் குளிருக்குத் தயிர் தோய்வதே மெதுவாக, புளிப்பும் ஏறாது. சமவெளித் தயிரின் புளிப்பு உங்களுக்குப் பழக்கம் என்றால் சாதத்தோடு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சைமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். முந்திரி வேண்டாம், நிலக்கடலை வறுத்தது ஒரு கைப்பிடி போட்டால் கடிபட நன்றாக இருக்கும்.

4. வட்டிலில் பரிமாறியபின், மூன்று பழத்தை எட்டு எட்டாக நறுக்கி மேலே வையுங்கள். பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய்.

பழத்தைச் சாதத்தோடு முன்கூட்டியே கலந்து வைத்தால் இரண்டு தொந்தரவு. சாறு இறங்கிச் சாதம் தளர்ந்துவிடும். தவிர, சரியாகப் பழுக்காத ஒன்று கலந்துவிட்டால் அந்த ஃபிசின் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். டிபன் டப்பாவில் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் பழத்தைத் தனிச் சின்ன டப்பாவில் முழுசாகப் போடுங்கள்.

அதே காரணத்தால்தான் கொதிக்கும் பாலில் பச்சை அத்திப்பழத்தைப் போட்டால் பால் திரிந்துபோகிறது. பாயசம் வைக்க ஆசையா? பழத்தை நெய்யில் ஐந்து நிமிடம் நன்றாக வதக்குங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். வதக்கியதும் ஆறவிட்டு, தனியே சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பாலில் கலந்தால் பிரச்சினை இல்லை. பாயசத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஆர்வமில்லை.

கெட்டிப் பழத்துக்குத் தோசைக்கல்

பிரிக்கும்போது ஒதுக்கிய கெட்டிப் பழங்களை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தில் உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் தடவி ஐந்து நிமிடம் வையுங்கள். கல்லை நன்றாகக் காயவிட்டு, நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் ஊற்றி, வெட்டிய பக்கம் கீழே இருக்க அடுக்குங்கள். இரண்டு நிமிடம் தொடவே கூடாது. ஓரம் பழுப்பேறி, கருகுவதற்கு முன் திருப்பி, மறுபக்கம் அரை நிமிடம். எடுத்ததும் எலுமிச்சைச் சாறு.

வாழைக்காய் வறுவல் இருக்க வேண்டிய இடத்தில் இதைப் பருப்பு சாதத்துக்கு வையுங்கள். ரச சாதத்துக்கும் சரி. பழத்தில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் கல்லின் சூடு இருக்கிறதைக் கிளப்பி வெளியே கொண்டுவரும். காம்பில் பால் சொட்டுகிற முழுப் பச்சைக் காயாக இருந்தால் மட்டும் இந்த வேலை ஆகாது.

குளிர்ச் சாயங்காலத்துக்கு இன்னொன்று. சப்பாத்தியைச் சுட்டு, சூட்டோடு கொடைக்கானல் சீஸை மெல்லியதாகச் சீவிப் போட்டு, கல்லில் வாட்டிய அத்தித் துண்டுகளும் மிளகும் தூவிச் சுருட்டிக்கொள்ளுங்கள். சீஸின் உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட் தேடுவதை இது நிறுத்தும்.

குழைந்த பழத்தில் தொக்கு

அடிபட்ட பழத்தின் அருமை தொக்கில்தான் தெரியும். பூசணம் பட்டதையும் கள்வாசம் அடிப்பதையும் இதில் சேர்க்காதீர்கள், அவை எருக்குழிக்கு.

குழைந்த பழம் ஆறு. நாட்டுத் தக்காளி மூன்று. சின்ன வெங்காயம் பத்து. கொடைக்கானல் மலைப்பூண்டு நாலு பல்; 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, காரம் தூக்கலாக இருக்கும், சமவெளிப் பூண்டென்றால் எட்டுப் பல் போடுங்கள். வரமிளகாய் நாலு, நெல்லிக்காய் அளவு புளி, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி.

எண்ணெயில் கடுகு, வெந்தயம் கால் டீஸ்பூன் தாளித்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெங்காயமும் பூண்டும் சிவக்க வதக்குங்கள். தக்காளி போட்டு, உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். பிறகு கெட்டிப் புளிக்கரைசல். புளியின் பச்சை வாடை போனபிறகுதான் அத்திப்பழத்தைப் பிய்த்துப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அடிபிடித்துக் கருகும். சர்க்கரை அதிகம் உள்ள பழம் அல்லவா. தீயைக் குறைத்து எட்டு, பத்து நிமிடம் கிளறினால் தேன் பதத்தில் சுருண்டு வரும். ருசி பார்த்து, இனிப்பு முன்னே நின்றால் இன்னும் கொஞ்சம் புளியோ உப்போ சேருங்கள். வெல்லம் எந்த நிலையிலும் கிடையாது.

கம்பு தோசை, இட்லி, உப்புமா எதற்கும் தொட்டுக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி செய்கிறவர்கள் அதிலேயே வெல்லத்தில் பாதியைக் குறைத்து, குழைந்த அத்திப்பழம் இரண்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம். மாங்காயின் புளிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் காரம் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. அத்திக்கு இதைவிடத் தோதான இடம் நம் சமையலில் எனக்குத் தோன்றவில்லை.

பஞ்சாமிர்தத்தின் வழியில் ஒன்று

பழனி மலையடிவாரத்தை வைத்துக்கொண்டு பஞ்சாமிர்தத்தைத் தொடாமல் இருக்க முடியுமா? பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழை சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு, அதனால் கலவை நீர்த்துப்போகாது, சீக்கிரம் கெடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தின் பெயரை வீட்டுக் கலவைக்குச் சூட்ட வேண்டாம். முறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம்.

மலைவாழைப்பழம் இரண்டு, பழுத்த அத்திப்பழம் ஐந்து, விதை நீக்கிய பேரீச்சை நாலு, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, நெய், தேன் ஒவ்வொரு டீஸ்பூன், ஏலக்காய் இரண்டு, கற்கண்டு கொஞ்சம். ஈரமில்லாத பாத்திரத்தில் வாழைப்பழத்தை முதலில் கையால் பிசையுங்கள். மிக்ஸி கூடாது, அரைத்தால் கூழாகிவிடும். அடுத்து பேரீச்சை, நாட்டுச் சர்க்கரை. அதன்பின் அத்திப்பழத்தைப் பிய்த்துப் போட்டு இரண்டே சுற்று. கடைசியில் நெய், தேன், ஏலப்பொடி, கற்கண்டு. அத்தியின் நீர்ச்சத்து கூடுதல் என்பதால் இது பஞ்சாமிர்தம் போலத் தங்காது. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தீராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

புளிப்பு இல்லாத இந்த ஒரு பதார்த்தம் மட்டும் நான் மேலே சொன்ன கட்சிக்கு விலக்கு. முருகன் காரியம், விட்டுக்கொடுக்கலாம்.

ஜாம் போடுகிறவர்கள் கவனிக்க

அதிகமாக வந்துவிட்டால் ஜாம். அரைக் கிலோ நறுக்கிய பழத்துக்குக் கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. எலுமிச்சையை ருசிக்காக என்று நினைத்துக் குறைக்காதீர்கள். அத்திப்பழத்தின் அமிலத்தன்மை மிகக் குறைவு. எலுமிச்சையின் அமிலம் இருந்தால்தான் ஜாம் இறுகும், கெடாமலும் இருக்கும்.

பழம், சர்க்கரை, சாறு மூன்றையும் கலந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். சர்க்கரை கரைந்து நீர் விட்டதும் அடி கனமான பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் வைத்து, கரண்டியால் நசுக்கியபடி கிளறுங்கள்.

புத்தகங்களில் ஜாம் பதத்துக்கு 105 டிகிரி என்று போட்டிருக்கும். அது கடல்மட்டத்துக் கணக்கு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுப்பது அதனால்தான். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடக் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி அதிகம். ஆக இங்கே 98 டிகிரியை எட்டியதும் இறக்கிவிட வேண்டும். தெர்மாமீட்டரை நம்பி 105 வரை காத்திருந்தால் ஜாமுக்குப் பதில் கமர்கட்டுதான் கிடைக்கும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி உயரத்தில் இந்தக் கணக்கு இன்னும் மூன்று டிகிரி போலக் கூடும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் தட்டுச் சோதனை எந்த உயரத்துக்கும் பொருந்தும். ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி, ஆறியபின் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சர்க்கரை குறைவாகப் போட்டிருப்பதால் இது வெளியே வைக்கும் ஜாம் அல்ல. மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காயவைத்து எடுத்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கொடைக்கானலில் வேண்டாம். பகல் முழுக்க வெயில் அடித்ததை நாலு மணி மூடுபனி வந்து ஒரே மூச்சில் ஈரமாக்கிவிடும். வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ மொட்டைமாடி உள்ள சொந்தக்காரர் இருந்தால் அவர் தலையில் கட்டுங்கள்.

வீட்டில் மரம் இருந்தால்

பழம் சாயத் தொடங்கியதும் பழைய மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பங்கு சின்னான் குருவிக்கும் வௌவாலுக்கும், அடுத்தது குரங்குக்கு. பனி காய்ந்தபின், காலை ஒன்பது பத்து மணிக்குப் பறியுங்கள். இழுக்காமல், காம்போடு மேல்நோக்கி மடக்கினால் நோகாமல் வந்துவிடும். மழை வரும்போல இருந்தால் ஒருநாள் முன்னதாகப் பறிப்பதே மேல். நனைந்த பழம் ஊறி வெடிக்கும், வெடித்த இடத்தில் எறும்பும் ஈயும் மொய்க்கும்.

எவ்வளவு சாப்பிடலாம்

நூறு கிராம் புதுப்பழத்தில், அதாவது நடுத்தரப் பழம் இரண்டில், சர்க்கரை சுமார் 16 கிராம், நார்ச்சத்து மூன்று கிராம் அளவு. காய்ந்த பழத்தில் அதே நூறு கிராமுக்குச் சர்க்கரை 48 கிராம் பக்கம் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டோடு நிறுத்தி, அன்றைய சாதத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது. மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் ஒரே மூச்சில் எட்டுப் பத்து வேண்டாம். மறுநாள் காலை வயிறு பதில் சொல்லும்.

கீழே கொண்டு போவது

கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்துவிட்டு ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறுவதைப் பார்க்கிறேன். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் வளைவுகளில் உருண்டு, அடிவாரச் சூட்டில் வெந்து கூழாகியிருக்கும். கடைக்காரரிடம் அட்டை முட்டைத்தட்டு இரண்டு கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். குழிக்கு ஒரு பழம், காம்பு மேலே. இரண்டாவது தட்டைக் கவிழ்த்து மூடி, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். டிக்கியில் வைக்காமல் காலடியில் நிழலில் வையுங்கள். சரியான பதத்தில் உள்ளதைத் தவிர்த்து, ஒரு பிடி கெட்டியாக இருப்பதாகப் பார்த்து எடுத்தால் மதுரை வரை தாங்கும். அதற்கு அப்பால் என்றால் மலையிலேயே தின்று முடித்துவிட்டு, ஊருக்கு மலைப்பூண்டு வாங்கிப் போங்கள்.